கொப்பியில் என் பெயர் இல்லை

ஆண்டு மூன்றில் படித்தபோது நான் நான்கு பிள்ளைகளைக் கடித்திருந்தேன். நான்காவது பிள்ளைக்கு இரத்தம் வந்துவிட்டதால் அதிபர் உளவளத்துணையாளருக்குச் சொல்லிவிட்டார். புதன்கிழமைகளில் அந்த மிஸ் ஸ்கூட்டியில் குருநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

கடிக்கிற பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் மிஸ் சிரித்தாலும் நான் அவருடைய கையைத்தான் பார்த்தேன். அது நீலக் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டே இருந்தது. கடித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். என்னோடு இருந்து படம் கீறுவார். பிறகு குசினிக்குள் போய் அம்மாவோடு கதைப்பார். தம்பி பிறந்து பதினோராம் நாள் செத்துப்போனதிலிருந்து அம்மா ஒருவரோடும் கதைப்பதில்லை. மிஸ்ஸோடு மட்டும் ஏன் கதைக்கிறார்?

மூன்றாவது புதன், மிஸ் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம் கொப்பியைத் திறந்தேன். என் குற்றங்கள் வரிசையாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்ததெல்லாம் அம்மாதான். தாய் காலையில் எழும்புகிறாரா? சமைப்பது யார்? பிள்ளைக்குத் தலை வாரி இழுத்துவிடுவது யார்?

அப்படியென்றால், கொண்டுபோகப் போவது என்னையல்ல.

நிமிர்ந்தபோது மிஸ் வாசலில் நின்றார்.

"வாசிச்சிட்டீரோ?"

"ஓம்."

"பரவாயில்லை. உம்மட்டையும் கேக்கத்தான் இருந்தனான். அம்மா காலமை எழும்புவாவோ?"

"வேளைக்கே எழும்புவா. சமைப்பா. எனக்குத் தலை இழுத்துவிடுவா."

மிஸ் என்னையே பார்த்தார். சொன்னது போதாது என்று பட்டது.

"சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுறேல்லை. தம்பியின்ரை சட்டையை மணந்து பாக்கிறதும் இல்லை."

மிஸ் எதையும் எழுதவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தார்.

"அம்மாவை உம்மட்டையிருந்து ஒருத்தரும் கொண்டுபோகமாட்டினம்," என்றார். நான் நம்பவில்லை.

அடுத்த புதன் அம்மாவை டொக்டரிடம் காட்ட நாள் எடுத்துக்கொண்டு வந்தார். காலையில் வந்து என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்படி பெரியம்மாவிடம் கேட்டார். மீன்பிடிக்கப் போய்க் கடலால் வந்த அப்பாவை இருத்தி நெடுநேரம் கதைத்தார். அப்பா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா பின்னேரமே திரும்பி வந்தார். சில மாதங்களில் அவரே எனக்குத் தலை இழுத்துவிடத் தொடங்கினார். கடிப்பதை நான் எப்போது விட்டேன் என்று நினைவில்லை.

ஆனால் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி அழுததை மிஸ்ஸிடம் காட்டிக்கொடுத்தது யார் என்பது மட்டும் அப்போது எனக்குப் பிடிபடவேயில்லை. பக்கத்து வீட்டு அன்ரிதான் என்று முடிவுகட்டி, இரண்டு வருஷம் அவரோடு கதைக்காமல் இருந்தேன்.