இரண்டு தட்டு

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு வாளியக்கா என்று பெயர். விடிந்ததும் வாளியும் பிரஷ்ஷுமாக இறங்கினால், வரிசையாக நிற்கிற வண்டிகளை எல்லாம் பளிச்சென்று கழுவித் தள்ளிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். கழுவிய வண்டியை ஓட்டுநர் பின்னால் எடுக்கும்போது வழி காட்டுவதும் அவள்தான். "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்!" என்று கத்திக்கொண்டே வந்து, போதுமென்றால் வண்டியின் முதுகில் பட் பட்டென்று இரண்டு தட்டு. எப்பேர்ப்பட்ட ஓட்டுநரும் அதே இடத்தில் பிரேக் போட்டுவிடுவார்.

அவளுக்கு ஒரே ஆசை, அந்த வண்டிகளில் ஒன்றைத் தானே ஓட்ட வேண்டும். கனரக உரிமம் வாங்கினால் ஓட்டுநர் வேலை தருவதாக மேலாளரும் சொல்லிவிட்டார். ஆனால் வேலைக்கு வயது வரம்பு உண்டு. வருகிற பிறந்தநாளோடு அவளுக்கு அது முடிந்துவிடும்.

முதல் தேர்வில் நேராக ஓட்டினாள், திருப்பினாள், ஒரு குறை சொல்ல முடியாது. கடைசியாக, நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே பின்னால் எடுக்க வேண்டும். இடையில் நின்றால் தோல்வி. பாதி வந்திருப்பாள், பக்கத்து மைதானத்தில் எவனோ ஒரு லாரியைப் பட் பட்டென்று தட்டினான். அவ்வளவுதான், அவள் கால் தானாகப் பிரேக்கை அமுக்கிவிட்டது! இத்தனை வருஷம் அடுத்தவர் வண்டியைத் தட்டித் தட்டி நிறுத்தியவளுக்கு வந்த வினையைப் பாருங்கள். இரண்டாம் தேர்விலும் அதே கூத்து. அந்தத் தடவை தட்டியது காற்றில் அடித்துக்கொண்ட ஒரு கதவு.

கணவர் தையல்காரர், தங்கமான மனுஷன். "விட்டுத் தள்ளு. உனக்கு எதுக்கு இந்தப் பாடு? நான் இருக்கேன்ல" என்று தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த ஆறுதலில் அவள் அப்படியே துவண்டுபோனாள். ஏனோதானோ என்று வேலைக்குப் போனாள், வந்தாள், சுருண்டு படுத்தாள்.

பணிமனைத் தலைமை மெக்கானிக்குக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பு. "என்ன வாளி, வண்டி ஓட்டிக் கிழிச்சிட்டியா? அதெல்லாம் உன்னால முடியாது. பேசாம போய்க் கழுவுற வழியப் பாரு" என்றார்.

"முடியாதா?" கையிலிருந்த வாளி தரையில் ணங்கென்று விழுந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வாங்க. நான் பின்னால எடுக்கிறேன். நீங்களே வந்து தட்டுங்க!"

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன பொம்பளையே வேறு. மேலாளரிடம் மல்லுக்கட்டி, ஓட்டிப் பழக ஒரு பழைய வண்டியை இரவல் வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் அவள் பின்னால் எடுக்க, கணவர் வேலியோரம் நின்று தகர டப்பாவைத் தட்டினார், மெக்கானிக் வீம்புக்கு ஸ்பேனரால் இரும்புத் தூணைத் தட்டினார். முதலில் தட்டுக்குத் தட்டு நின்றாள். தன்னையே திட்டிக்கொண்டாள், அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். காதை நம்பாதே, கண்ணாடியைப் பார் என்று காலுக்குப் பாடம் நடத்தினாள். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலித்தது, ஆனாலும் கல்யாணமான புதிதில்கூடக் கணவர் அவளிடம் இத்தனை உற்சாகத்தைப் பார்த்ததில்லை.

பிறந்தநாளுக்கு முன் கடைசித் தேர்வு. இது போனால் ஓட்டுநர் வேலையும் போச்சு. வண்டி பின்னால் நகர்ந்தது. பாதி தூரத்தில் எங்கிருந்தோ பட் பட்! கால் பிரேக்குக்கு மேல் தாவி அங்கேயே தயங்கி நின்றது. இரண்டு கண்ணாடியையும் பார்த்தாள். யாருமில்லை. "போடா, எவனா இருந்தாலும் தட்டிக்கிட்டே இரு" என்று முணுமுணுத்தபடி காலை எடுத்தாள். வண்டி ஒரு கம்பையும் உரசாமல் கோட்டுக்குள் வந்து நின்றது.

"பாஸ்" என்றார் தேர்வு அதிகாரி.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். அத்தனை சந்தோஷம். வேலிக்கு வெளியே கணவரோடு நின்ற மெக்கானிக் விசிலடித்து, கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டார்.

இறங்கி வந்தவள் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. "ஏங்க, மலைப்பாதை வண்டி ஓட்டணும்னா யாரைப் பாக்கணும்?"

கணவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஆறுதல் சொன்னால் படுத்துவிடுகிற பெண்டாட்டி என்று இப்போது அவருக்குத் தெரியும்.

"மலைப்பாதையா?" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அது சத்தியமா உன்னால முடியாது."