கலவரத்துக்கும் சேர்த்துப் போடும், தம்பி

சிலாவத்துறையில் கலந்தர் நானாவின் வெள்ளைக் கொரல்லா வாடகைக் காரைத் தெரியாதவர்கள் இல்லை. அதன் பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. ஆகவே ஏறியவர் எவரும் ஹயர்க் காசு கொடுக்க மறந்து இறங்கிப் போனதில்லை. யுத்தம் முடிந்து ஊரில் மீள்குடியேறி இரண்டு வருடம் தகரக் கொட்டிலில் கிடந்த மனிதர், கல்வீட்டுக்கு முதல் காரைத்தான் வாங்கினார். "வீடு ஹயர் போகாது" என்று மனைவி பாத்தும்மாவுக்கு விளக்கம் வேறு.

2013 இல் காருக்கு எவ்வளவு இன்சூரன்ஸ் போடுவது என்ற கேள்வி எழுந்தது. ஊரில் எல்லாரும் தேர்ட் பார்ட்டிதான். அதாவது, நாம் இடித்தால் இடிபட்டவருக்குக் கிடைக்கும். நமக்கு ஒன்றும் கிடைக்காது. பிறர் நலனில் எங்கள் சனத்துக்கு அவ்வளவு அக்கறை. கலந்தர் நானா மட்டும் தன் காருக்கும் கிடைக்கிற புல் இன்சூரன்ஸ் என்றார்.

உயிலங்குளத்திலிருந்து ஏஜென்ட் றொஷான் படிவத்தோடு வந்தான். விபத்து, நெருப்பு, களவு, வெள்ளம் என்று வரிசையாகச் சரி போட்டுக்கொண்டு வந்த பேனா, அடியில் ஒரு வரியைத் தாண்டிப் போனது. மேலதிகக் கட்டணத்துக்குக் கலவரமும் பயங்கரவாதமும் என்றிருந்தது அந்த வரி.

"இதை ஏன் விட்டனீர்?"

"தேவையில்லை நானா. இப்ப சமாதானம்தானே. வீணா மூவாயிரம்."

"அப்ப உம்மட கம்பனி ஏன் அதை விக்குது?"

"அது கொழும்பில அச்சடிச்சது நானா."

"கொழும்புக்காரனுக்கே சமாதானத்தில நம்பிக்கை வரேல்லை. நான் மட்டும் நம்ப வேணுமோ? கலவரத்துக்கும் சேர்த்துப் போடும், தம்பி."

இதில் பிடிவாதம் பிடிக்க அவருக்கு உரிமை இருந்தது. தொண்ணூறில் அவரிடம் ஓர் ஒஸ்ரின் கார். அதற்கும் புல் இன்சூரன்ஸ். புலிகள் வடக்கு முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேறச் சொன்ன அன்று துவக்கோடு வந்தவர்கள் சாவியைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு நடந்தே புத்தளம் போய்ச் சேர்ந்தார். பிறகு கம்பனிக்கு எழுதினார். பதில் ஒழுங்காக வந்தது. கார் எரியவில்லை, மோதவில்லை, களவும் போகவில்லை. தாங்களே கையால் சாவி கொடுத்திருக்கிறீர்கள். மற்றபடி கலவரமும் யுத்தமும் தங்கள் பத்திரத்தில் அடங்கவில்லை. இங்ஙனம், உண்மையுள்ள.

றொஷான் தேத்தண்ணிக் கடையில் இதைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான். கதை பள்ளிவாசல் பக்கம் போய்ச் சேர்ந்தபோது சிரிப்பு வழியில் எங்கோ விழுந்துவிட்டது. கலந்தர் பயங்கரவாதத்துக்குக் காசு கட்டுகிறாராம். அவருக்கு ஏதோ தெரியுமாம். ஆமிக்காரன் கேட்டால் ஊர் என்ன பதில் சொல்வது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய றொஷான் காசு வாங்கக் கலந்தர் வீட்டுக்கு வந்திருந்தான். பின்னாலேயே பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவர் ஜமால்தீன் ஹாஜியாரும் மூன்று பேரும் வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள். மதரஸாப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஹயர் ஹாஜியார் கையில். கலந்தர் வீட்டில் உலை கொதிப்பது பெரும்பாலும் அந்த ஹயரில்தான்.

"கலந்தர், அந்த ஒரு வரியை வெட்டிவிடும். ஊருக்குக் கெட்ட பெயர். இல்லாட்டிப் பிள்ளைகளுக்கு நாங்க வேற வாகனம் பார்க்க வேண்டி வரும்."

"வெட்டுறன் ஹாஜியார். இனிக் கலவரம் வராதெண்டுதானே சொல்லுறியள்?"

"வராது. அல்லாஹ் காவல்."

கலந்தர் உள்ளே போய், மகள் நிஸ்லாவின் கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்து எழுதிக்கொண்டு வந்தார். றொஷானிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். "இனிக் கலவரம் வராதென்று கீழே ஒப்பமிடும் நாங்கள் உறுதி கூறுகிறோம். வந்து கார் எரிந்தால் எங்கள் செலவில் வேறு கார் வாங்கிக் கொடுப்போம்."

பேனாவை ஹாஜியாரிடம் நீட்டினார். ஹாஜியார் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் முற்றத்துக் கோழியைப் பார்த்தார். மூன்றாமவருக்குக் கண்ணாடி வீட்டில். நாலாமவர் தனக்கு எழுத்து வராது என்றார். அவர் ஓய்வு பெற்ற தபாலதிபர்.

"எவனோ வந்து எரிச்சா நாங்க ஏன் ஐஸே கட்ட வேணும்?" என்று ஹாஜியார் வெடித்தார்.

"எவன் வந்து எரிப்பான் ஹாஜியார்? வராதெண்டியளே."

ஹாஜியார் எழுந்தார். "திங்கட்கிழமையில இருந்து ஹயருக்கு வர வேண்டாம்."

"சரி" என்றார் கலந்தர். றொஷானின் கையில் கட்டணத்தை, மேலதிக மூவாயிரத்தோடு, வந்தவர்கள் படலையைத் தாண்டுமுன் எண்ணி வைத்தார். அவனுடைய பேனா அந்த வரியில் சரி போடுவதை நின்று பார்த்தார்.

குசினி வாசலில் நின்ற பாத்தும்மா கேட்டாள்: "என்னவாம்?"

"நாட்டில நல்ல சமாதானமாம். கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை" என்றவர், மன்னாருக்குப் போக ஆட்கள் நிற்கிறார்களா என்று பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனார்.