சாமியாகிப் போன நத்தை

போன வாரம் காலாண்டு லீவுக்கு அரியலூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு நல்ல சேதி சொன்னாள்.

"மலரு இப்பல்லாம் நல்லாப் படிக்குதுடி. முன்ன மாதிரி கேள்வி கேட்டு உசுர வாங்குறதில்ல. தான் உண்டு புஸ்தகம் உண்டுன்னு இருக்கு."

மலர் அக்காவின் ஒரே மகள். பதினொரு வயது. பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. குழந்தை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டதே என்று எந்த வீட்டிலாவது யாராவது கவலைப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

போன வருஷம் ஆடியில் அவளுக்கு மஞ்சள் காமாலை. பிழைத்ததே பெரிய பாடு. அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். அக்கா டியூஷன் வைக்கலாமா என்று கேட்டாள். அத்தான் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். "புள்ள உசுரோட இருக்கே, அது போதும். அது பாட்டுக்கு இருக்கட்டும் வுடு" என்று முடித்துவிட்டார்.

அது பாட்டுக்கு இருந்தது... அப்போதுதான் நிஜமாகவே படிக்க ஆரம்பித்தது என்பேன் நான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. மழை பெய்து வடிந்தால் விதவிதமாகக் கல் தலைகாட்டும். சிப்பி மாதிரி, சங்கு மாதிரி, சுருட்டி வைத்த பாய் மாதிரி. அரியலூர்க்காரர்களுக்கு இதெல்லாம் அதிசயமே இல்லை — காலில் இடறினால் எத்திவிட்டுப் போவார்கள். மலர் பொறுக்கி வந்தாள். கழுவி வராந்தாவில் அடுக்கினாள். அத்தானும் தன் பங்குக்குச் சுண்ணாம்புக்கல் வேகன் ஓரம் கிடப்பதை டிபன் கேரியரில் போட்டு எடுத்து வருவார். "இதுலயே நாளைக்குச் சோறும் போடணுமா?" என்று அக்கா திட்டிக்கொண்டே தேய்ப்பாள்.

நான் ஒருமுறை போயிருந்தபோது, வயலில் கிடைத்த வெற்று நத்தைக்கூட்டில் மலர் களிமண்ணைத் திணித்துக்கொண்டிருந்தாள். காயவிட்டு, கூட்டை மெதுவாக உடைத்தாள். உள்ளே, கல்லில் இருந்த அதே சுருள்.

"சித்தி, இதெல்லாம் வெறும் கல்லு இல்ல. நத்தை வூடு. உள்ள சேறு போயி இறுகிடுச்சு. ஆனா வேளாங்கண்ணியில வாங்குனோமே, அந்தச் சிப்பி மாதிரியும் கெடக்கே... இங்க கடல் இருந்துச்சா?"

யார் சொல்லிக்கொடுத்தது? ஒருத்தரும் இல்லை. ஒரு காலத்தில் இருந்ததாகத்தான் சொல்கிறார்கள் என்றேன். அன்றைக்கெல்லாம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பொங்கல் கழித்து ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தானின் பெரியப்பா வந்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். வராந்தாவில் இருந்ததிலேயே பெரிய சுருள் கல்லை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னடா இது, சாளக்கிராமத்தச் செருப்பு வுடுற எடத்துல போட்டு வச்சிருக்க?"

ஒரே ஒரு வார்த்தை. சாளக்கிராமம் என்றால் பெருமாளே கல் வடிவில் இருப்பதாகக் கும்பிடுவது. பெண்கள் தொடக்கூடாது என்பார்கள். "இப்பத்தானே தெரியுது, புள்ளைக்கு ஏன் காமாலை வந்துச்சுன்னு" என்றார் பெரியப்பா.

"காமாலை வந்து போனப்பறந்தானே தாத்தா நான் கல்லே பொறுக்குனேன்?" என்றாள் மலர்.

யார் காதில் விழுந்தது? பெரிய கல் பூஜை அலமாரிக்குப் போய்விட்டது. பால் அபிஷேகம், துளசி, அக்கம்பக்கத்துக் கூட்டம். மற்றதும் சாமியாக இருந்துவிட்டால் காலடியில் கிடக்கக்கூடாது, எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அத்தான், அது நத்தை" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நத்தையாவே இருக்கட்டும்மா. ஒருதரம் புள்ள பொழைக்காதுன்னுட்டாங்க. இனிமே எதையும் சோதிச்சுப் பாக்குற தெம்பு எனக்கு இல்ல."

பயந்த தகப்பனிடம் சண்டை போட எனக்கும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. குழந்தையை அதன் போக்கில் விடுகிறோம் என்று பெருமையடித்துக்கொள்கிறோமே — எதுவரைக்கும்? அதன் கையில் இருப்பது குப்பை என்று நாம் நினைக்கும் வரைக்கும்தான். நம் கண்ணுக்கு அது பெரிய விஷயமாகிவிட்டதோ, போச்சு. பிடுங்கி உயரத்தில் வைத்துவிடுவோம், குழந்தைக்கு எட்டாத இடமாகப் பார்த்து.

தை வெள்ளிக்கிழமை. கற்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு திருமழபாடிக்கு பஸ் ஏறினோம். கொள்ளிடத்தில் ஒரு ஓரமாகத்தான் தண்ணீர் ஓடியது. அத்தான் முழங்கால் ஆழத்தில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மலரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள்தான் தொடக்கூடாதே.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போது வாயைத் திறந்தாள்.

"சித்தி, ஆத்துத் தண்ணி கடலுக்குத்தானே போவுது? அப்ப அதுங்க எல்லாம் வூட்டுக்குப் போய்ச் சேந்துடும்ல?"

எனக்குத் தெரிந்து, அவள் கேட்ட கடைசிக் கேள்வி அது.