ஆண் யானைகள் எங்கே போயின?

பாலக்கோடு பக்கக் காடுகளில் வனக்காப்பாளராகச் சேர்ந்து, வனவராக ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் யானைக் கணக்கெடுப்பைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காக ஒரு கோடையில் நடந்ததை எழுதுகிறேன்.

குட்டையருகே

தண்ணீர்க் குட்டைக்கு எதிரே மறைவாக உட்கார்ந்து, வரும் யானை ஆணா பெண்ணா, பெரியதா குட்டியா என்று பார்ப்பதுதான் வேலை. அந்தக் கோடையில் என் பீட்டுக்கு, அதாவது என் காவல் எல்லைக்கு, கூட்டங்கள் நிறைய வந்தன. குட்டிகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக இருந்தன. வளர்ந்தவையோ எல்லாமே பெண். தந்தமுள்ள பெரிய கொம்பன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ரேஞ்சர் வந்து கேட்டார்.

“ஏம்மா மேரி, குட்டியில ஆண் இருக்குது, பெருசுல இல்ல. நடுவுல எங்க போச்சு?”

“அந்தக் காலத்துல தந்தத்துக்குச் சுட்டாங்களே சார்.”

“அது நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சும்மா. அதுக்கப்புறம் பொறந்ததுங்க இந்நேரம் கொம்பனா நிக்கணுமில்ல?”

வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வியையே சுற்றி வந்தேன்.

ராகிக் காட்டில்

அதே வாரத்தில் ஒரு மதியம் வாட்சர் முனுசாமி போன் செய்தார்.

“மேடம், மாரண்டஹள்ளிக்கு அந்தாண்ட தனியா ஒரு எளங்கொம்பன் எறங்கியிருக்குது. இப்ப ஏரி முள்ளுக்காட்டுல நிக்குது. பொழுது சாய்ஞ்சா ராகிக்குத்தான் வரும்.”

கூட்டத்தை விட்டு அப்போதுதான் பிரிந்த வயசு அதற்கு. பெண் யானைகள் கடைசிவரை கூட்டத்தோடு இருக்கும். ஆண் பருவத்துக்கு வந்ததும் விலகித் தனியே அலையும். வயலில் இறங்கத் துணிவதும் பெரும்பாலும் அதுதான்.

பைக்கில் போய் முனுசாமியோடு சேர்ந்துகொண்டேன். அறுப்புக்கு நெருங்கிய ராகியைச் சுற்றி வெறும் கம்பி. அதன் ஒரு முனை மோட்டார் கொட்டகைக்குள் போனது. அந்த வயற்காட்டுக்குச் சொந்தக்காரர் மாதையன் வரப்பில் நின்றார்.

“அண்ணா, இதுல நேரா கரண்ட் குடுத்திருக்கீங்களா?”

“வேற என்னா பண்றதுங்க மேடம்? நேத்தே பாதிக் காட்ட மிதிச்சிடுச்சு. மிச்சமும் போனா வூட்ல என்னாத்த திங்கிறது?”

“கேஸ் ஆயிடும். ஜெயிலுக்குத்தான் போவணும்.”

“போடுங்க. ராகி வூடு வந்து சேரட்டும், அப்புறம் போடுங்க.”

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாதையனின் மனைவி செல்லம்மா ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டி வந்தார். அத்தனையும் பெட்டை.

“கெடாவே இல்லீங்களாக்கா?”

“பொறக்கிறதுல பாதி கெடாதாங்க. கோயிலுக்கு, கறிக்கடைக்குன்னு வித்துடுறோம். ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தோம், அதையும் நாய் கடிச்சிடுச்சு. அந்த வருசம் ஒரு ஆடும் குட்டி போடல.”

ரேஞ்சருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் கண்ணெதிரே நின்றது.

“காட்டுக்குள்ளயும் இதே கததாண்ணா” என்றேன். “பொறக்கிறது சமமாத்தான் பொறக்குது. பொட்டைங்க கூட்டத்தோட நின்னுக்குது. ஆணுங்க ஒவ்வொண்ணா வெளிய வந்து, இந்த மாதிரிக் கம்பியில விழுந்துடுது.”

“அதுக்கு என் ராகிதான் கெடச்சுதா?”

“இன்னிக்கு நாங்க காவல் இருக்கோம். நாளைக்கு ஆள் சேத்து அறுத்துடலாம்.”

மாதையன் அசையவில்லை. செல்லம்மாதான் கொட்டகைக்குள் போனார். மோட்டார் ஃப்யூஸைப் பிடுங்கி வந்து என் கையில் வைத்தார்.

“யானைக்காக இல்லீங்க மேடம். புள்ளைங்க இந்த வரப்புலதான் ஓடுதுங்க. கம்பி கட்டுனதுலேர்ந்து எனக்கு வேற நெனப்பே இல்ல.”

மாதையன் போய்க் கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

இருட்டும் நேரத்தில் கொம்பன் வந்தான். தகரம் தட்டி, பட்டாசு வெடித்தோம். ஓரத்து ராகியில் வாய் வைத்துவிட்டு வடக்கே திரும்பினான். அங்கே வேறு ராகிக் காடுகள், வேறு கம்பிகள். நானும் முனுசாமியும் பைக்கில் முந்திப்போய், மோட்டார் கொட்டகை கண்ட இடமெல்லாம் “லைனை நிறுத்துங்க” என்று கத்தினோம். சிலர் நிறுத்தினார்கள். சிலர் எங்களைத் திட்டிவிட்டு நிறுத்தினார்கள். விடிந்தபோது அவன் தடம் வனத்துக்குள் போயிருந்தது. சொன்னபடி மாதையனின் ராகியை எல்லோரும் சேர்ந்து அறுத்தோம்.

அதற்குப் பிறகு அந்தக் கொம்பனை நான் பார்க்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான்: குட்டிகள் சமமாகப் பிறக்கின்றன என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். எது கூட்டத்தை விட்டுப் போகிறது, எந்த வழியில் போகிறது, எங்கே சாகிறது என்று பாருங்கள். கணக்கெடுப்பு முடிந்ததும் ஜீப்பில் ஏறாதீர்கள். காட்டோரமாக நடந்துபோய்க் கம்பிகளைப் பாருங்கள்.