பனிக்காலம் தொடங்கும் முன் திண்டுக்கல்: இழுப்போடு ஒரு கோட்டை ஏற்றம்

போன வருடம் கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் எங்கள் திருச்சி வீட்டுப் படுக்கையறை ஜன்னல் திறக்கப்படவே இல்லை. எனக்கு ஆஸ்துமா. வயது ஐம்பத்திரண்டு. பனி விழத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்னை ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி வைத்துவிடுவார்கள். அக்கறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மாசி பிறந்து வெளியே வந்தபோது, மூன்று மாதம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் இந்த வருடம் ஐப்பசி கடைசி வாரத்திலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். "மருந்தை விடாமல், மெதுவாகப் போய் வாருங்கள்" என்றார். அன்றைக்கே பை கட்டினேன். "இந்தக் குளிரிலா? தனியாகவா?" என்றார் கணவர். "ஆமாம்" என்றேன். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்.

புதன்கிழமை மதியம் ரயில். ஒன்றரை மணி நேரம், டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு தொள்ளாயிரம் ரூபாயில் சுத்தமான அறை கிடைத்தது. இரண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை. திறந்துதான் வைத்தேன்.

வியாழன் காலை 5.40க்கு எரியோடு பஸ். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். செவ்வந்தித் தோட்டங்களைப் பனியோடு பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எரியோட்டில் இறங்கி அரை கிலோமீட்டர் நடந்தால் போதும், ரோட்டுக்கு இரு பக்கமும் மஞ்சள். தலையில் துண்டு கட்டிய பெண்கள் இடுப்பு வரை பனியில் நனைந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் சுக்குக் காபி பதினைந்து ரூபாய். அதைக் குடித்துக்கொண்டு அங்கே நின்ற இருபது நிமிடத்துக்காகவே இந்தப் பயணம் தகும்.

திரும்பும் பஸ் 7.15. அதில்தான் வினை. பறித்த பூவை எல்லாம் திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டுபோகும் பஸ் அது. ஏழெட்டுப் பெண்கள் ஈரச் சாக்கு மூட்டைகளோடு ஏறினார்கள். குளிருக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பச்சைச் செவ்வந்தி வாசம் வண்டி முழுக்க அடைத்தது. பத்தாவது நிமிடம் எனக்கு இழுப்பு ஆரம்பித்தது. பைக்குள் கை விட்டேன். இன்ஹேலர் இல்லை. காலையில் நனையக்கூடாதென்று கைப்பையை மாற்றியபோது, அறை மேஜையிலேயே விட்டுவிட்டேன்.

ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த நொடி தெரியும். மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. பேச முடியாது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண்தான் முதலில் கவனித்தார். பெயர் பேச்சியம்மாள் என்பது பிறகு தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். ஒரே தள்ளில் ஜன்னலைத் திறந்தார். "ஏ கண்டக்டரு, வண்டிய நிப்பாட்டச் சொல்லு! இந்தக்காவுக்கு இழுக்குது!"

பஸ் ஓரம் கட்டியது. ரூட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. கண்டக்டர் யோசித்தார். முன்னால் இருந்த ஒருவர் திரும்பி, "ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு இறக்கி விடுங்கப்பா. நாங்க வேலைக்குப் போக வேணாமா?" என்றார்.

பேச்சியம்மாள் எழுந்து நின்றார். "ஏய்யா, ஆம்புலன்ஸு வர்ற வரைக்கும் இந்தக்கா மூச்ச நீங்க புடிச்சு வச்சிருப்பீகளா? எங்களுக்கும்தான் சந்தைக்கு நேரமாச்சு. எட்டரைக்கு மேல போனா எங்க பூவ ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். நாங்களே சொல்றோம், வண்டிய திருப்புங்க!"

பின்னால் இருந்து இன்னொரு பெண் குரல், "திருப்புங்கண்ணே!" பிறகு பல குரல்கள். அந்த மனிதர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் டிரைவரிடம், "திருப்புண்ணே. ஆபீஸுல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

ஒரு பஸ் முழுக்க ஆட்கள், அவர்களுடைய பூ, அவர்களுடைய காலை, எல்லாம் எனக்காக ஒரு மண் ரோட்டில் குலுங்கிக்கொண்டு போனது. அப்போது அழக்கூட மூச்சில்லை.

நர்ஸ் உடனே நெபுலைசர் வைத்தார். பதினைந்து நிமிடத்தில் மார்பு இளகியது. நிமிர்ந்து பார்த்தால் பஸ் போய்விட்டது, பேச்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூட்டையை ஊர்க்காரப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

"நீங்க போயிருக்கலாமே" என்றேன்.

"ஆளில்லாம எப்புடி விட்டுட்டுப் போறது? செத்த நேரம் பேசாம இருங்கக்கா."

ஒன்பதரைக்கு வந்த பஸ்ஸில் இருவரும் ஏறினோம். மறுநாள் கோட்டை ஏற நினைத்திருந்ததை வழியில் அவரிடம் சொன்னேன். அறை வரை வந்து, இன்ஹேலரை என் கையில் கொடுத்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். உங்களுக்கு நான் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியே கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு கோட்டைக்குப் போகப்போறதா சொன்னீகல்ல? போனா என்னையும் கூட்டிட்டுப் போங்க. பொறந்ததுலேருந்து கீழ நின்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். பூவ இறக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடவே சரியாப்போகுது."

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மறைக்கவில்லை. "இப்பவே கார் எடுத்துட்டு வரேன்" என்றார் கணவர். "சனிக்கிழமை ரயிலில் நானே வருவேன். டாக்டரிடம் பேசிவிட்டேன். இன்றைக்கு முழு ஓய்வு, நாளைக்கு இன்ஹேலர் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறலாம் என்றார்" என்றேன். "நாளைக்கு போன் பண்ணுவேன், எடுக்கணும்" என்று சொல்லி வைத்தார். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவில் இரண்டு தடவை எழுந்து, இன்ஹேலர் இருக்கிறதா என்று மேஜையைத் தடவிப் பார்த்தேன். ஆனால் மறுபடியும் அந்தச் சாத்திய ஜன்னலுக்குப் போவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பூவை இறக்கிவிட்டு பேச்சியம்மாள் கோட்டை வாசலில் நின்றார். தலையில் புதுப்பூ, எனக்கும் ஒரு முழம். "இது வாசமில்லாத கனகாம்பரம். பயப்படாம வைங்க" என்றார். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய்.

மற்றவர்கள் இருபது நிமிடத்தில் ஏறுகிறார்கள். நாங்கள் ஐம்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டோம். எனக்கு மூச்சு, அவருக்கு முழங்கால். இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், "ஆன்ட்டி, இதுக்கு மேல கஷ்டம், இங்கயே போட்டோ எடுத்துக்கங்க" என்றார்கள். "நீங்க எடுத்துக்கங்கப்பா, நாங்க மேல போறோம்" என்றார் பேச்சியம்மாள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் சிறுமலை, மேகத்தில் பாதி. கீழே ஊர், அதற்கப்பால் தென்னையும் வயலுமாகச் சமவெளி. பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். "எங்க ஊரு எங்கிட்டுக்கா?" வடக்கே கை காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? இதுக்குள்ளயா நான் அம்பது வருசமா ஓடிக்கிட்டு இருந்தேன்?" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்தில் நின்ற குடும்பமே திரும்பிப் பார்த்தது.

அப்போது கணவரிடமிருந்து போன் வந்தது. "எங்கே இருக்கே?" "கோட்டை மேலே." "மூச்சு?" "இருக்கு" என்றேன். மறுமுனையில் அவரும் சிரித்துவிட்டார்.

இறங்கியதும் ஆட்டுக்கறி பிரியாணி, பிளேட் இருநூற்று இருபது. பேச்சியம்மாள் சாப்பிட்டுவிட்டு "உப்பு கொஞ்சம் கம்மி" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: எரியோடு பக்கம் காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், எட்டுக்குப் பிறகு பனியும் இல்லை, பறிப்பும் இல்லை. இழுப்பு உள்ளவர்கள் பூ ஏற்றும் பஸ்ஸைத் தவிர்த்து ஒன்பது மணிக்கு மேல் திரும்பலாம். இன்ஹேலரைப் பையில் வைக்காதீர்கள், கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள், இன்னொன்று தனியாக இருக்கட்டும். கோட்டைக்குச் செருப்பு பிடிமானமாக இருக்க வேண்டும், மழை பெய்தால் பாறை வழுக்கும், அன்றைக்கு ஏற வேண்டாம்.

பனி வரத்தான் செய்யும். அதற்கும் எனக்கும் இனி வருடா வருடம் இதே வழக்குத்தான். கிளம்பும் முன் டாக்டரிடம் மட்டும் அனுமதி கேளுங்கள். மற்றவர்களுக்குத் தகவல் சொன்னால் போதும்.