மூன்றாவது டாக்டர் குளவி

ஷிஃப்ட் பஸ் கிளம்பியதும் ஷேக் தாவூத் ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, அந்தப் படத்தை மறுபடியும் முதலிலிருந்து போட்டுவிட்டார். பக்கத்து சீட் ராஜாங்கத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இந்தப் படத்தத்தான நீங்க காறித் துப்பிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார். ஷேக் தாவூத் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டார். சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு அந்த வசதி உண்டு.

டாக்டர் குளவி என்கிற காமிக்ஸ் வில்லன்மேல் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பித்து. குள்ளஞ்சாவடி பழைய பேப்பர் கடையில் நின்றபடியே படித்துத் தீர்த்திருக்கிறார். அந்த மஞ்சள் கையுறைக்காரனை வைத்து மூன்று படங்கள் வந்துவிட்டன. முதல் படத்தில் வந்தவன் பருத்த ஆள். பாலத்தைத் தகர்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பான். அடுத்தவன் ஒல்லி, ஆளைத் தீர்த்துக்கட்டும் முன் நிதானமாக ஆரஞ்சு உரிப்பான். இரண்டு பேரும் ஏன் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பிடித்ததே அதுதான்.

மூன்றாவது படம்தான் வம்பு. அதில் குளவியின் பிள்ளைப்பருவத்தைக் காட்டிவிட்டார்கள். அப்பன் பட்டறைக்காரன், பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்காதவன். பையன் கூரையில் கட்டியிருக்கும் குளவிக்கூட்டோடு பேசியே வளர்கிறான். ஷேக் தாவூத் கொதித்துப்போனார். பல மாதம் அதைத் திட்டியே பஸ்ஸில் ஒருவரையும் கண்ணயர விடவில்லை. பெல்ட் இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை. பின்சீட்டில் பேசினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டில் நிலைமை வேறு. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் பகலில் படுத்துவிட்டால் குவார்ட்டர்ஸில் மூச்சுச் சத்தம் கேட்காது. விசில் வருவதற்குள் மனைவி ஜுலைகா குக்கரை இறக்கிவிடுவாள். மகள் ஆஃப்ரீன் பாடம் படித்ததே உதட்டசைவில்தான். அத்தாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அவருடைய ஆஃப் நாளுக்கென்று சேர்த்து வைப்பாள். ஆஃப் நாளில் டிவியில் படம் ஓடும். ஆக, அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது முழுக்கப் படத்தைப் பற்றித்தான்.

அப்படி ஒரு ஆஃப் நாளில், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், மூன்றாவது படம் முடிந்ததும் ஆஃப்ரீன் கேட்டாள். "அவன் அத்தா ஒரு தடவ, உனக்கு என்ன வேணும்னு கேட்டிருந்தா இவன் இப்படி ஆயிருக்க மாட்டான்ல?"

வாதம் என்றால் மனிதருக்குச் சர்க்கரைப் பொங்கல். "ஒவ்வொருத்தனையும் உனக்கு என்ன வேணும்னு கேட்டுக்கினு இருந்தா எவன்மா ஷிஃப்ட்டுக்குப் போறது? வில்லன்னா வில்லன்தான். அவனுக்கு எதுக்குக் கதை?" என்றார். கூடமே சிரித்தது. ஆஃப்ரீனும் சிரித்துவிட்டு, டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜெயித்துவிட்ட திருப்தியில் அவர் அன்று இரண்டு பரோட்டா அதிகம் சாப்பிட்டார். அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவள்தான் சிரித்த முகமாக இருந்தாளே.

கல்யாணம் முடித்து மகளை ஆம்பூருக்கு அனுப்பிவிட்டு வந்த பிறகு ஜுலைகா சாவகாசமாகச் சொன்னாள். "அது வக்கீலுக்குப் படிக்கணும்னு இருந்துச்சுங்க. அன்னிக்குப் படம் முடிஞ்சதும் உங்ககிட்டப் பேசப்போறேன்னு சொல்லிச்சு." குறையாகக்கூடச் சொல்லவில்லை, மடித்த துணியை அடுக்கிக்கொண்டே சொன்னாள். மூன்று குளவிகளையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டவருக்குப் பெற்ற பிள்ளை கேட்டது விளங்கவில்லை. பாவம், அன்றிலிருந்துதான் பஸ்ஸில் இந்தப் படம். பட்டறைக்காரன் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். முன்பு அந்த ஆளை அவர் கவனித்ததே இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஆஃப்ரீன் போன் செய்தாள். ஜுலைகாவை முந்திக்கொண்டு அவரே எடுத்தார். நலம் விசாரித்து முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி ஜுலைகா கேட்டதில்லை.

"அந்த மூணாவது குளவி படம் இருக்குல்லம்மா, அதுல நீ அன்னிக்கு ஒண்ணு சொன்னியே. இப்ப சொல்லு. நான் குறுக்க பேசமாட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது.

"எது அத்தா? எனக்கு ஞாபகம் இல்லயே. இப்பல்லாம் நான் படமே பாக்குறதில்ல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஷேக் தாவூத் போனைத் துண்டால் ஒருமுறை துடைத்து, ஜுலைகாவிடம் நீட்டினார்.