மீன் இருந்துபோன தண்ணீர்

இந்த ஊரில் மாதத்துக்கு ஒரு முறையாவது, இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே நான் பேருந்திலிருந்து இறங்கிவிடுகிறேன். வட ஜெர்மனியில், ஏரிகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் இது. நம்மவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். இலங்கைத் தமிழோ மதுரைத் தமிழோ காதில் விழுந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்வேன். ஆனால் பின்னிருக்கையில் யாராவது போனில் "வந்துகினே கீறேன்பா" என்று சொல்லிவிட்டால், என் கை தானாகவே போய் நிறுத்தச் சொல்லும் பொத்தானை அழுத்திவிடுகிறது. அவர் யாரோ, எந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவரோ, பாவம். எனக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு என்றாலே கால் நிற்காது. மழையில் நனைந்துகொண்டு நடந்து வரும் என்னை அடிக்கடி பார்த்த கீழ்வீட்டு அம்மாள், நான் உடம்பைப் பேணுவதில் அக்கறை உள்ளவள் என்று முடிவு கட்டிவிட்டார். போன பிறந்தநாளுக்கு நடைப்பயிற்சிக் கோல்கள் இரண்டு வாங்கிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல என் ஜெர்மன் போதாது, தமிழும் போதாது.

என் வேலையும் ஒளிந்துகொள்பவர்களோடுதான். ஏரி ஆய்வு நிலையம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். கண்ணாடிக் குடுவைகளில் டாப்னியா வளர்க்கிறேன். குளத்துத் தண்ணீரை டம்ளரில் எடுத்து வெயிலில் பிடித்தால் தூசு துள்ளுவது போலத் தெரியுமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது டாப்னியா. மீனுக்கு அதுதான் சோறு. எங்கள் சோதனை ரொம்ப எளிமையானது. ஒரு தொட்டியில் மீனை விட்டு வைப்போம். பிறகு அந்தத் தண்ணீரை மட்டும் எடுத்து நன்றாக வடிகட்டுவோம். பார்க்கக் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். உயரமான கண்ணாடிக் குழாயில், வெளிச்சத்துக்குக் கீழே மேலாக மேய்ந்துகொண்டிருக்கும் டாப்னியாக்களின் மீது அதைக் கொஞ்சம் ஊற்றுவோம். அவ்வளவுதான். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, இருட்டான அடிப்பகுதிக்குப் போய்விடும். அங்கே தீனி குறைவு, குளிர் அதிகம், முட்டையும் குறைந்துபோகும். இருந்தாலும் போகும். மீன் அங்கே இல்லை. மீன் விட்டுப்போன ஏதோ ஒன்று தண்ணீரில் கரைந்திருக்கிறது, அது போதும்.

மீனுக்குத்தான் இப்படி என்றில்லை. கொசு ஜாதியில் ஒரு பூச்சியின் புழு, டாப்னியாக் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். அந்தப் புழு கிடந்த தண்ணீரில் வளரும் குஞ்சுகளுக்குப் பிடரியில் சின்னச் சின்னப் பல் முளைக்கும், விழுங்குகிறவனின் தொண்டையில் குத்துவதற்கு. நசுங்கிய டாப்னியாவின் சாறும் அதோடு கலந்திருந்தால் இன்னும் மோசம். அதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இல்லை. ஏதோ ஓர் ஊரில், வேறு வேறு ஜாதியில் பிறந்து கல்யாணம் செய்துகொண்ட யாரோ இரண்டு பேரை வெட்டிவிட்டார்கள் என்று போனில் ஒரு படம் வரும். அன்றைக்கெல்லாம் நான் வீட்டுக் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். ஒருநாள் ஆய்வுத் தலைவி காத்ரினிடம், "இவை ரொம்பப் பயப்படுகின்றன" என்றேன். காத்ரின் நல்லவள், ஆனால் சொல்லில் கறாரானவள். "பயம் என்று நாம் எழுத மாட்டோம். எதிர்வினை என்று எழுதுவோம்" என்றாள். சரி என்றேன்.

நான் பிறந்தது திருத்தணி. அடிவாரத்தில் என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, அர்ச்சனைச் சாமான் கடை. அண்ணன் திருப்பதிக்கு வேன் ஓட்டினான். கல்லூரியில் விலங்கியல் படிக்க நான் தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வந்தேன். மணவூரில் ஏறும் ஜெபராஜ் நர்சிங் படித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் எத்தனையோ தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அது கூடப் பெரிதில்லை. அவன் தெரு எது என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிது. இத்தனைக்கும் எங்கள் மலையில் இருக்கும் சாமியே வேடர் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர். அந்தக் கல்யாணக் கோலத்துக்குத்தான் எங்கள் கடையில் மாலை விற்றோம். ஜெபாவும் நானும் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் முடித்து, தோழி வீட்டில் தங்கிவிட்டு, கனகம்மாசத்திரம் நிறுத்தத்தில் சென்னை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஜவ்வாது வாசனை வந்தது. நைனாவும் அண்ணனும் காலையில் குளித்ததும் கழுத்தில் ஜவ்வாது தடவுவார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீக்கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த காலி பாட்டில் கூடைகளுக்கு நடுவே போய்க் குந்திக்கொண்டேன். வந்தது யாரோ கல்யாணத்துக்குப் போகிற பெரியவர். அண்ணன் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. அதே நேரத்தில் அவன் ஆட்களோடு மணவூரில் ஜெபா வீட்டு வாசலில் இருந்தான். ஜெபாவின் தம்பி தானியேல் குறுக்கே வந்து நின்றிருக்கிறான். அவனுடைய இடது கை இன்றும் முழுதாக நீளாது.

அதற்குப் பிறகு பெங்களூர், பிறகு ஜெபாவுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, பிறகு எங்கள் மகள் லிடியா. அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் எப்போதாவது போன் செய்வாள். நைனா போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான் தெரிந்தது. வருஷம் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் திரையில் அண்ணன் முகம். மீசை நரைத்திருந்தது.

"ரேவதி, நல்லாகிறியா?"

"ஆங். நல்லாகிறேன்ணா."

"பாப்பாக்கு காது குத்திட்டியா?"

"இல்ல."

"குத்தாத. தாய்மாமன்னு நான் ஒருத்தன் கீறேன் இல்ல? என் மடியில குந்த வெச்சித்தான் குத்தணும். மலை மேல வெச்சிக்கலாம், மொட்டையும் போட்டுடலாம். நீ இட்டுகினு வா. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யாரும் என்று யாரைச் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை. பயமுறுத்தியவன் அவன் ஒருவன்தான். ஆனாலும் தாய்மாமன் மடி என்றதும் என் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கப்போவதில்லை. அன்று மாலை ஜெபாவிடம் சொன்னேன். அவன் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டான். "மொட்ட வேணாம், எங்கம்மாவுக்கு மனசு நோவும். காது வேணும்னா குத்தட்டும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தானியேலப் பத்தி எதுனா கேட்டானா?" என்றான். இல்லை என்றேன். அவன் சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபுறம் தேய்த்தான். எனக்குப் போகவும் ஆசை, போகவும் நடுக்கம்.

காத்ரினிடம் ஒரு கேள்வி கேட்டேன். "மீனை எடுத்துவிட்டு, தண்ணீரையும் மாற்றிவிட்டால், இவை எத்தனை நாளில் பழையபடி மேலே வரும்?" நான் கேட்டது எனக்காக. அவளோ, புதிதாக ஒரு சோதனையை நான் முன்வைப்பதாக நினைத்து மகிழ்ந்துபோனாள். இத்தனை காலத்தில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி இதுதான் என்று எனக்கென்றே ஒரு வரிசைக் குடுவைகளைக் கொடுத்தாள். பல்லென்றால் கண்ணால் பார்த்துவிடலாம் என்று, மீன் தண்ணீருக்குப் பதில் புழுத் தண்ணீரில் வளர்ந்த தாய்களை எடுத்து, சுத்தமான தண்ணீரில் விட்டேன். வயிற்றில் முட்டையோடு இருந்தவை. அவை நன்றாகத் தின்றன, நன்றாக நீந்தின. பிறந்த குஞ்சுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். அந்தப் புழுவின் வாடையே அறியாத தண்ணீரில் பிறந்த குஞ்சின் பிடரியில் பல் இருந்தது. காத்ரின் எட்டிப் பார்த்து, "அழகு" என்றாள். நான் கைகழுவப் போனேன்.

அந்த வாரம்தான் லிடியாவோடு பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் இரண்டு பையன்கள் எங்கள் பக்கத்துத் தமிழில் சினிமா பேசிக்கொண்டு ஏறினார்கள். நான் பொத்தானை அழுத்தக் கையைத் தூக்குவதற்குள் லிடியா அழுத்திவிட்டாள். பையை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். ஆறு வயசுப் பிள்ளை. அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இறங்கியதும், "ஏன்டா அழுத்தினே?" என்று கேட்டேன். "அவங்க வந்தா நம்ம இறங்கணும் இல்லம்மா" என்றாள், தெரு தாண்டும்போது பச்சை விளக்குக்காக நிற்கணும் என்று சொல்வது போல. அன்றைக்குத்தான் பயணச்சீட்டு போட்டேன். அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மனிதர்களை என் பிள்ளை நேரில் பார்க்கட்டும், மடியில் உட்காரட்டும், இந்தக் கிலி என்னோடு முடிந்துபோகட்டும் என்றுதான் போட்டேன்.

தை மாதம் போனோம். ஜெபா மணவூரில் தன் வீட்டிலேயே இருந்துகொண்டான். நானும் லிடியாவும் மட்டும் திருத்தணிக்குப் போனோம். ஸ்டேஷன் வாசலில் அண்ணன் வேனோடு நின்றிருந்தான். மொட்டை வேண்டாம் என்று நான் முன்பே சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருந்தான். வேனில் முன்சீட்டில் அம்மா. அவள் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். மலை மேல் மண்டபத்தில் காது குத்தும் பத்தர் தயாராக உட்கார்ந்திருந்தார். அண்ணன் சப்பணமிட்டு உட்கார்ந்து மடியை விரித்தான். லிடியா ஒரு முறை என்னைப் பார்த்தாள், பிறகு நேராகப் போய் அந்த மடியில் உட்கார்ந்துகொண்டாள். பத்தர் குத்தியபோது ஒருமுறை முனகியதோடு சரி. அழுதது அண்ணன்தான். அவளுடைய தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். அவன் அன்பில் பொய் இல்லை. என் பயமெல்லாம் வீண் என்று அந்தக் கொஞ்ச நேரம் முழுசாக நம்பினேன்.

அங்கிருந்து அர்ச்சனைக்குப் போனோம். பேரும் நட்சத்திரமும் கேட்டார் குருக்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"வள்ளி. பேரு வள்ளி சாமி." கூடவே எங்கள் நைனாவின் கோத்திரத்தையும் சொன்னான்.

குருக்கள் அதையே ராகமாகச் சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அண்ணனைப் பார்த்தேன். "இங்க அந்தப் பேரு எதுக்கு ரேவதி? நம்ம ஊட்டுப் பொண்ணு இல்ல?" என்றான், ரொம்ப மெதுவாக, அன்பாக. வெளியே பிரசாதம் கொடுக்கும்போது ஒரு அத்தை லிடியாவின் கன்னத்தைக் கிள்ளி, "உங்கப்பா பேரு இன்னாடி கண்ணு?" என்று கேட்டாள். லிடியா பதில் சொல்ல வாயெடுத்தாள். "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ? பொங்கல் ஆறிப்போவுது, குடு" என்று அண்ணன் குறுக்கே புகுந்துவிட்டான். குரலில் அதட்டல் இல்லை. ஆனால் பேச்சு பட்டென்று நின்றது. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள், அம்மா வேறு பக்கம் பார்த்தாள், நானும் பார்த்தேன். லிடியா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, திறந்த வாயில் பொங்கலைப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு வள்ளி என்று யார் கூப்பிட்டாலும் ஓடிப்போனாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

மாலை ரயிலில் மணவூருக்குத் திரும்பினோம். அண்ணன் ஸ்டேஷன் வரை வந்து, ஜன்னல் வழியாக அவளுடைய காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அரக்கோணத்தில் கூட்டம் ஏறியது. திருவாலங்காடு தாண்டியதும் நான் கைக்குட்டையை நனைத்து அவள் நெற்றி விபூதியைத் துடைத்தேன். மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்தான், இருந்தாலும் துடைத்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. துடைக்க வசதியாக முகத்தைத் தூக்கிக் காட்டினாள். மணவூர் வந்தது. பிளாட்பாரத்தில் ஜெபா நின்றிருந்தான். பக்கத்தில் தானியேல், மடங்கிய கையை முடிந்த மட்டும் உயர்த்தி எங்களுக்கு ஆட்டிக்கொண்டிருந்தான். வண்டி நிற்பதற்குள் லிடியா என் காதருகில் வந்தாள். சுற்றி இருப்பவர்களுக்குப் புரியக்கூடாது என்று ஜெர்மனில் கேட்டாள்.

"அம்மா, இங்கே நான் எந்தப் பெயர்?"

"லிடியா" என்றேன். நானும் ஜெர்மனில்தான் சொன்னேன், அவளைப் போலவே குரலைத் தாழ்த்திக்கொண்டு.